புரட்சிக் காலத்தில் படத்துக்கு உட்கார்ந்த பிரபுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்டில் சிறையும் கில்லட்டினும் நினைவுக்கு வரும். அந்தக் கில்லட்டினில் தலை போனவர்களில் சிலர், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புதான் நல்ல உடை உடுத்தி ஓர் ஓவியர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சி ஒன்றுதான்: இந்தப் படங்களில் முகம் பெரிதாக எதையும் சொல்லாது. உடை என்ன, மேசைமேல் என்ன இருக்கிறது, ஓவியர் எதை மறைத்தார், எதை முடிக்காமல் விட்டார் என்று பார்த்தால்தான் காலம் பிடிபடும்.

எந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறத்தாழ 1783 முதல் 1802 வரை. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் விழுந்தது. 1790 ஜூனில் பரம்பரைப் பட்டங்கள் ரத்தாயின. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிசில் அரசர் தங்கியிருந்த துய்லெரி அரண்மனை தாக்கப்பட்டு முடியாட்சி சரிந்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயியும் அக்டோபரில் ராணி மேரி அன்டோனெட்டும் கொல்லப்பட்டார்கள். 1794 ஜூலையில் புரட்சி அரசை நடத்திய ரொபஸ்பியரின் தலையும் போனது. ஒரு படத்தில் போட்டிருக்கும் ஆண்டை இந்தத் தேதிகளோடு ஒட்டிவைத்துப் பாருங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிரபுக்களுக்கு உருவப்படம் எதற்கு? வெறும் ஆடம்பரமா?

ஆடம்பரமும் உண்டு. ஆனால் அதற்கு மேல் வேலையும் உண்டு. 1778-இல் எலிசபெத் விஜே லெ பிரன் என்ற இளம் பெண் ஓவியர் மேரி அன்டோனெட்டை முதன்முதலாக வரைந்தார். பளபளக்கும் வெள்ளை சாட்டின் அரசவை உடையில் முழு உருவப்படம். அது வியன்னாவில் இருந்த ராணியின் தாய் மரியா தெரசாவுக்காக வரையப்பட்டது. மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய் பார்க்க வேண்டும், அதே சமயம் ஆஸ்திரியப் பேரரசி தன் மகள் பிரான்சில் மதிப்போடு இருக்கிறாள் என்றும் காண வேண்டும். குடும்பக் கடிதமும் ராஜதந்திரக் கடிதமும் ஒரே கேன்வாஸில்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாரிசின் லூவர் அரண்மனையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சலோன் என்ற பொதுக் கண்காட்சி நடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வேலைக்காரியும் போவாள், வழக்கறிஞரும் போவார், பார்த்துவிட்டு வந்து துண்டுப்பிரசுரம் எழுதுகிறவரும் போவார். மாளிகைச் சுவருக்காக வரைந்த முகங்கள் அங்கேதான் ஊர் வாயில் விழுந்தன.

ஒரு வெள்ளை உடைக்கு ஏன் அவ்வளவு கலாட்டா?

1783 சலோனில் விஜே லெ பிரன் வைத்த படம் அது. ராணி வைக்கோல் தொப்பியும் இடுப்பில் ஒரு பட்டுநாடா கட்டிய மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையும் அணிந்து, கையில் ரோஜாவோடு நிற்கிறார். இன்றைய கண்ணுக்கு அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கோ, ராணி உள்ளாடையோடு நிற்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. லியோன் நகரத்தின் பட்டுத் தறிகள் நம்பியிருந்ததே அரசவையின் பகட்டைத்தான். ராணியே வெளிநாட்டு வர்த்தகத்தில் வரும் பருத்தித் துணிக்கு மாறினால் நெசவாளி வயிற்றில் அடிப்பதுதானே என்று இன்னொரு புகார். படத்தை இறக்கிவிட்டு, அதே ரோஜா, கிட்டத்தட்ட அதே நிலை, ஆனால் சாம்பல் நீலப் பட்டு உடையும் முத்துமாலையுமாக வேறொரு படத்தை அவசரமாக மாட்டினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முகம் ஏறக்குறைய மாறவே இல்லை. மாறியது துணி மட்டும்தான். எளிமையாக இருக்க ஆசைப்பட்ட ராணியை எளிமைக்காகவே திட்டிய அதே ஊர், பிறகு ஆடம்பரத்துக்காகவும் திட்டியது.

அப்படியானால் நல்ல பெயர் வாங்க முயற்சி எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. 1785-இல் வைர அட்டிகை மோசடி வெடித்தது. ராணிக்கு அதில் பங்கில்லை என்றாலும் பழி அவர்மேல்தான் விழுந்தது. அதைத் துடைக்கத்தான் 1787-இல் விஜே லெ பிரன் ராணியைக் குழந்தைகளோடு பெரிய அளவில் வரைந்தார். சிவப்பு வெல்வெட் உடை. மூத்த மகள் தோளில் சாய்ந்திருக்கிறாள், கடைக்குட்டிப் பையன் மடியில். ராணியின் கழுத்தில் மாலை கிடையாது. நகைப்பெட்டி இருக்கும் அலமாரி பின்னால் நிழலில் ஒதுங்கி நிற்கிறது. என் நகைகள் என் பிள்ளைகளே என்று சொன்ன பழைய ரோமானியத் தாயின் கதையைப் பார்வையாளர் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

வலப்பக்கம் மூத்த மகன் ஒரு தொட்டிலைக் காட்டுகிறான். தொட்டில் காலி. கைக்குழந்தை சோஃபி அந்த ஜூனில் இறந்துவிட்டாள்.

சலோன் தொடங்கியபோது படம் வந்து சேரவில்லை. வெறும் சட்டம் சுவரில் தொங்கியது. கருவூலம் காலியாகி ராணிக்கு 'பற்றாக்குறை அம்மணி' என்று பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்த நேரம். வெற்றுச் சட்டத்தைக் காட்டி, இதோ பற்றாக்குறை என்று யாரோ கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1789 ஜூனில் மூத்த மகனும் இறந்த பிறகு ராணியால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை, கழற்றி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். அப்படி உள்ளே போனதால்தான் கூட்டம் வெர்சாய் அரண்மனைக்குள் புகுந்தபோது படம் தப்பியது என்று விஜே லெ பிரன் பிறகு எழுதினார்.

விஞ்ஞானி லவாய்சியரின் படம் இந்த வரிசையில் ஏன் வருகிறது?

பள்ளிப் பாடத்தில் அவர் வேதியியலின் தந்தை. பாரிசு மக்களுக்கு அவர் வேறு ஆள்: அரசுக்காக வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டணியில் ஒரு பங்காளி. அந்த வருமானத்தில்தான் ஆய்வுக்கூடம் ஓடியது. வெடிமருந்து நிர்வாகமும் அவர் பொறுப்பில் இருந்தது.

1788-இல் ஓவியர் ழாக் லூயி தாவீத் அவரையும் மனைவி மரி ஆனையும் வரைந்தார். கூலி 7,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமான படம், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடையில் லவாய்சியர் இறகுப்பேனாவோடு அமர்ந்து மனைவியை நிமிர்ந்து பார்க்கிறார். வெள்ளை உடையில் அவர் மனைவி கணவர் தோளில் கைவைத்தபடி நம்மைப் பார்க்கிறார். சிவப்பு விரிப்பு போட்ட மேசைமேல் கண்ணாடிக் கருவிகள், தரையில் பெரிய உருண்டைக் குடுவை. இடப்பக்க நாற்காலியில் ஓர் ஓவியக் கோப்பு கிடக்கிறது. அது அந்த அம்மாளுடையது. தாவீதிடம் ஓவியம் கற்றவர் அவர். கணவரின் வேதியியல் நூலுக்கான 13 படத் தகடுகளும் அவர் கைவேலைதான்.

இந்தப் படத்தை 2021 வரை புதுயுகத் தம்பதியின் படம் என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள். அந்த ஆண்டு அருங்காட்சியகம் தன் ஆய்வை வெளியிட்டது. அகச்சிவப்புக் கதிரும் எக்ஸ் கதிரும் கொண்டு மேல்பூச்சுக்கு அடியில் பார்த்தபோது, முதலில் தாவீத் வரைந்தது வேறு படம் என்று தெரிந்தது. அதில் அம்மாளின் தலையில் இறகும் நாடாவும் செயற்கைப் பூவும் வைத்த பெரிய நாகரிகத் தொப்பி. சிவப்பு விரிப்புக்கு அடியில் பொன்முலாம் வேலைப்பாடு செய்த மேசை. விஞ்ஞானக் கருவி ஒன்றுகூட இல்லை. அதாவது முதலில் வரைந்தது பணக்கார வரிக் குத்தகைக்காரரையும் அவர் மனைவியையும். கருவிகள் பிறகு வந்து உட்கார்ந்தவை.

புரட்சிக்குப் பயந்து மாற்றினார்கள் என்று சிலர் உடனே முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம். மாற்றம் 1788-இலேயே முடிந்துவிட்டது, பாஸ்டில் விழ இன்னும் மாதங்கள் இருந்தன. எதைக் காட்டிக்கொள்வது கௌரவம் என்ற கணக்கு அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. ஆனாலும் அந்தக் கணக்கு கைகொடுக்கவில்லை. 1789 ஆகஸ்டில் வெடிமருந்தை நகரத்திலிருந்து கடத்துகிறார் என்று கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. அந்தச் சூட்டில் படத்தை அந்த ஆண்டு சலோனில் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். 1794 மே 8 அன்று லவாய்சியரும் அவருடைய மாமனாரும் மற்ற வரிக் குத்தகைக்காரர்களோடு ஒரே நாளில் கில்லட்டினுக்குப் போனார்கள். அப்போது தாவீத் ஆளும் புரட்சிக்காரர்களில் முக்கியமானவர். காப்பாற்ற அவர் விரலை அசைத்ததாகத் தெரியவில்லை.

ஓவியர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

ஆளுக்கு ஒரு பக்கம். விஜே லெ பிரன் அரசர் பக்கம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. 1789 அக்டோபரில் கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து பாரிசுக்கு இழுத்துவந்த அதே நேரத்தில், ஏழைப் பெண் போல உடுத்திக்கொண்டு மகளோடு குதிரைவண்டி ஏறி இத்தாலிக்குப் போய்விட்டார். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று போன இடமெல்லாம் பிரபுக்களை வரைந்தே பிழைத்தார், நன்றாகவே பிழைத்தார். நாட்டைவிட்டு ஓடியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. கணவர் 1794-இல் விவாகரத்து வாங்கினார். ஓவியர்கள், எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள் என்று 255 பேர் மனுப்போட்ட பிறகே பெயர் நீங்கி, 1802-இல் ஊர் திரும்பினார்.

அவரோடு 1783-இல் ஒரே நாளில் அரச அகாதெமியில் சேர்ந்தவர் அதெலாயிட் லபீய் கியார். அகாதெமியில் பெண்களுக்கு நான்கு இடங்கள் மட்டுமே. இவர் லூயியின் அத்தைமார்களுக்கு ஓவியர். ஆனால் புரட்சி வந்ததும் ஊரிலேயே நின்றார். 1791 சலோனில் தேசியப் பேரவை உறுப்பினர்களின் படங்களை வைத்தார், ரொபஸ்பியர் படமும் அதில் உண்டு. அவ்வளவு ஒத்துப்போயும் தப்பவில்லை. லூயியின் தம்பிக்காக அவர் உழைத்து வரைந்துகொண்டிருந்த மிகப் பெரிய குழுப்படத்தை 1793-இல் அரசின் உத்தரவால் அழிக்க ஒப்படைக்க வேண்டி வந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்காவது நான் பரிந்து பேசுவதென்றால் இவருக்காகத்தான். தோழி என்றும் போட்டியாளர் என்றும் விஜே லெ பிரன் பெயரோடு ஒட்டியே இவரைப் பேசுகிறார்கள், படங்களைப் பார்க்கிறவர்கள் குறைவு.

தாவீத் கதை தெரிந்ததுதான். அரசரின் மரணத்துக்கு வாக்களித்தார். ராணியைக் கில்லட்டினுக்கு வண்டியில் கொண்டுபோன அன்று, கத்தரித்த முடி, சாதாரணத் தொப்பி, பின்னால் கட்டிய கை என்று பேனாவால் நாலு கோட்டில் கிறுக்கிய அவருடைய சித்திரம் இருக்கிறது. இரக்கமே இல்லாத படம். 1778-இன் சாட்டின் உடைப் படத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க மனம் வராது.

புரட்சிக்காரர்கள் படங்களை எரித்தார்களா?

எரித்தார்கள், கிழித்தார்கள், குலச்சின்னத்தின் மேல் வண்ணம் பூசினார்கள். போலந்து ஓவியர் குஹார்ஸ்கி 1791-இல் ராணியை பாஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் வரையத் தொடங்கி முடிக்காமல் விட்ட படம் வெர்சாயில் இருக்கிறது. 1792-இல் துய்லெரி அரண்மனை தாக்கப்பட்டபோது அதில் ஈட்டிக் குத்து விழுந்தது என்பார்கள். அதே அரசுதான் 1793 ஆகஸ்ட் 10 அன்று லூவரைப் பொது அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம், அழித்தது புரட்சிக்காரர்கள் மட்டுமில்லை. லெ பெல்த்தியே என்ற பிரபு அரசரின் மரணத்துக்கு வாக்களித்தார். ஓர் அரச விசுவாசி அவரைக் குத்திக் கொன்றான். தாவீத் அவர் சடலத்தைத் தியாகியாக வரைந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை வாங்கியவர் லெ பெல்த்தியேயின் சொந்த மகள், தீவிர அரச ஆதரவாளர். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு நகல் வரைபடமும் கிழிந்த அச்சுப்படி ஒன்றுமே மிச்சம்.

சிறையிலும் படம் வரைந்தார்களா?

வரைந்தார்கள். ஜோசப் சுவே என்ற ஓவியர் 1794-இல் சென் லசார் சிறையில் அடைபட்டிருந்தார். உடனிருந்த கைதிகளை வரைந்தார். கவிஞர் ஆந்திரே செனியேயை ஜூலை 17 அன்று வரைந்தார், எட்டு நாளில் செனியே கொல்லப்பட்டார். அதற்கு இரண்டே நாளில் ரொபஸ்பியர் கவிழ்ந்தார்.

புரட்சித் தலைவர்களில் ஒருவரான மராவைக் கொன்ற ஷார்லத் கோர்தேயும் சிறு பிரபுக் குடும்பத்துப் பெண்தான், வயது 24. விசாரணை நடக்கும்போது தேசியக் காவல்படையைச் சேர்ந்த ஹவேர் என்ற ஓவியர் தன்னைப் பார்த்து வரைவதைக் கவனித்திருக்கிறார். தீர்ப்புக்குப் பின் அவர் சிறை அறைக்கு வந்து படத்தைத் தொடர்ந்தார், இவர் அதில் திருத்தம் சொன்னார். கைம்மாறாகக் கொடுக்க வேறெதுவும் இல்லாததால் தன் கூந்தலில் ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்தார் என்கிறது வரலாறு.

படத்தில் பயம் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. பயத்தைக் காட்டவா ஒருவர் காசு கொடுத்துப் படம் வரையச் சொல்வார்? பெசன்வால் பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டில் விழுந்தபோது பாரிசில் அரசுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். கைதாகி, ராஜதுரோக வழக்கில் நின்று, விடுதலையானவர். 1791-இல் தாங்லூ வரைந்த சின்னப் படத்தில், தன் வரவேற்பறைக் கணப்பருகே கால் நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். சுவர் முழுக்க ஓவியங்கள், கணப்பு மேடையில் பச்சைச் சீனப் பீங்கான்கள். ஒன்றுமே நடக்காதது போல. அதே ஆண்டில் அவர் காலமானார், வீட்டில். தாங்லூ அடுத்த ஆண்டே லண்டனுக்குத் தப்பிப் போய், தன்னைப் போல ஓடிவந்த பிரபுக்களை வரையத் தொடங்கினார்.

முடிக்காத படங்கள் ஏன் இத்தனை?

உட்கார்ந்தவர் ஓடிவிடுவார், சிறைக்குப் போவார், அல்லது ஓவியரோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது தாவீத் 1791-92 வாக்கில் வரைந்த மதாம் பாஸ்தொரே. எளிய வெள்ளை உடை, பக்கத்தில் தொட்டிலில் குழந்தை, மடியில் தையல் வேலை. வலது கை ஊசியைப் பிடித்து நூலை இழுக்கும் நிலையில் உயர்ந்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே ஊசி இல்லை, நூலும் இல்லை. அவற்றைக் கடைசியில் வரையலாம் என்று விட்டிருப்பார். அதற்குள் கணவர் அரசர் பக்கம், தாவீத் எதிர்ப்பக்கம் என்று ஆகிவிட்டது. கணவர் ஓடிப்போனார், இந்த அம்மாள் சிறைக்கும் போய்வந்தார். படம் தாவீத் இறந்த பிறகே அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

பின்னணியில் தேய்த்துவிட்ட பழுப்பு நிறத் தூரிகை வீச்சுகள் அப்படியே தெரியும். முடித்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

அரசரை அவருடைய உருவப்படமே காட்டிக்கொடுத்தது உண்மையா?

1791 ஜூனில் மாறுவேடத்தில் தப்பிய லூயியை, வழியில் திரூவே என்ற தபால்நிலைய அதிகாரி அடையாளம் கண்டார், வாரென் ஊரில் பிடித்தார்கள். இது உண்மை. பணத்தாளில் அச்சிட்டிருந்த அரசர் முகத்தோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார் என்பது கூடவே வரும் கதை. கதை நன்றாக இருப்பதால் யாரும் விடுவதில்லை.

நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்கள் என்ன ஆனார்கள்?

ஒருவர் ஓவியரே ஆகிவிட்டார். திழோன் ஊரைச் சேர்ந்த சென் மெமேன் பிரபு குடும்பத்தோடு தப்பி 1793-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கையில் காசில்லை. பக்கவாட்டு முகத்தின் கோட்டை அப்படியே நகலெடுக்கும் ஒரு கருவி பாரிசில் 1786 முதல் புழக்கத்தில் இருந்தது. அதைத் தானே செய்துகொண்டு, செப்புத்தகட்டில் செதுக்கவும் கற்று, ஊர் ஊராகப் போய் முகம் எடுத்தார். வாடிக்கையாளருக்கு ஒரு பெரிய சித்திரமும் உள்ளங்கையளவு வட்டமான அச்சுப்படிகளும் கிடைக்கும். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள். பிறகு பிரான்சுக்குத் திரும்பி, 1817-இல் சொந்த ஊர் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, புதுச்சேரி வழியாக. ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்கள் 1787-இல் புதுச்சேரியில் கப்பல் ஏறி, மறு ஆண்டு பிரான்சில் இறங்கினார்கள். லூயி வரவேற்றார், உதவி மட்டும் தரவில்லை. கொடுக்கப் பணம் இருந்தால்தானே.

தூதர்களைப் பார்த்த விஜே லெ பிரன் வரைய ஆசைப்பட்டார். அரசர் கேட்டுக்கொண்டால் மட்டுமே உட்காருவோம் என்றார்கள், அரசரும் கேட்டுக்கொண்டார். முகமது தர்வேஷ் கான் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கேன்வாஸில், பூ வேலை செய்த வெள்ளை மஸ்லின் அங்கியில், வாளைப் பிடித்து நிற்கிறார். அதே மஸ்லினை உடுத்தியதற்குத்தான் ஐந்து ஆண்டுக்கு முன் ராணி திட்டு வாங்கினார். படம் காய்ந்ததும் தூதர் அதைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தர மறுத்ததாகவும், ஆளைவிட்டு எடுத்துவர வேண்டியிருந்ததாகவும் ஓவியர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1789 ஆகஸ்டில், பாஸ்டில் விழுந்து ஆறு வாரத்தில், சலோன் சுவரில் அது இருந்தது. 2019-இல் ஏலத்தில் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது.

நேரில் போக முடியாதவர்கள் எங்கே பார்க்கலாம்?

லவாய்சியர் படத்தை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலும், மதாம் பாஸ்தொரே படத்தை சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் தளத்திலும் பெரிதாக்கிப் பார்க்கலாம், இலவசமாக இறக்கியும் கொள்ளலாம். பெசன்வால் லண்டன் நேஷனல் காலரியில். சிகாகோ தளத்தில் இருக்கும்போதே ஆங்கர் என்ற ஓவியர் வரைந்த அமெதே தெ பாஸ்தொரே படத்தையும் தேடிப் பாருங்கள். கறுப்பு உடையும் பதக்கமுமாக, இடுப்பில் கைவைத்து மிடுக்காக நிற்கும் அந்த இளம் பிரபுதான் தாவீத் படத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை. வரைந்தவர் தாவீதின் மாணவர். படத்தின் காலம் 1823 முதல் 1826 வரை. அரியணையில் மறுபடியும் பழைய அரச வம்சம்தான்.